பெயர்ப் பலகை இல்லாத மோர்ப் பந்தல்: பினாங்கு தைப்பூசத்தில் மூன்று நாள்

ஆறு மூங்கில், ஒரு நீலத் தார்ப்பாய், மூன்று மேசை, நான்கு எவர்சில்வர் அண்டா, ஒரு பழைய பித்தளை அண்டா. பெயர்ப் பலகை கிடையாது. மலேசியாவின் பினாங்குத் தீவில் தைப்பூசம் வந்தால் ஜாலான் உத்தாமா தொடங்கித் தண்ணீர்மலை அடிவாரம் வரை சாலையின் இரு பக்கமும் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கும். நான் பார்த்தவற்றில் ஆகச் சிறியது இது. 2025 பூசத்துக்கு, பிப்ரவரி 10 முதல் 12 வரை, மூன்று நாளும் அந்தச் சாலையில் இருந்தேன். பதினேழு பந்தல்களில் வாங்கிச் சாப்பிட்டேன், குடித்தேன். இந்த ஒன்றுக்கு மட்டும் நான்கு தடவை திரும்பிப் போனேன்.

இலவசமாகக் கொடுப்பதற்கெல்லாம் மதிப்புரை எழுதலாமா என்று ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் தங்கை கேட்டாள். அவள் வீட்டில்தான் மூன்று நாளும் தங்கியிருந்தேன். எழுதத்தான் வேண்டும் என்றேன். நான் பட்டர்வொர்த் பக்கம் ஒரு பள்ளியில் 22 ஆண்டு சிற்றுண்டிச் சாலை நடத்தியவள். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனுக்குப் பிடிக்காவிட்டால் மறுநாள் வேறு கடைக்குப் போய்விடுவான். விரதமிருந்து, வெறுங்காலோடு, தலையில் பால்குடத்தோடு வருகிறவன் அப்படிச் செய்ய முடியாது. எதை நீட்டினாலும் வாங்கிக் குடித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுப் போவான். குறை சொல்லமாட்டான் என்பதற்காக அவனுக்கு எதையும் கொடுத்துவிடலாமா? எனக்கு அது மனம் ஒப்பவில்லை.

வெளியூர் வாசகர்களுக்காக வழியைச் சொல்லிவிடுகிறேன். பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் ஜார்ஜ் டவுன் பினாங்குத் தெருவில் இருக்கும் நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பும். 1894 இல் வந்த ரதம். இன்றும் காளைகள்தான் இழுக்கின்றன. 2017 முதல் தங்க ரதமும் உண்டு. அது குயின் தெரு மகா மாரியம்மன் கோவிலிலிருந்து முருகனின் வேலைச் சுமந்துகொண்டு வரும். அதை மனிதர்கள் இழுப்பார்கள். வழிநெடுகத் தேங்காய் உடைப்பதால் ரதம் ஊர்ந்து ஊர்ந்துதான் போகும். நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலைச் சேரும்போது இரவாகிவிடும். மறுநாள் பூசம். காவடிகளும் பால்குடங்களும் மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோவிலுக்கு 513 படி ஏறும். மூன்றாம் நாள் வெள்ளி ரதம் திரும்பி வரும். அருவி விழும் மலை என்பதால் நம்மவர்கள் இதற்குத் தண்ணீர்மலை என்று பெயர் வைத்தார்கள். செட்டியார் கோவில் முருகனுக்கும் தண்ணீர்மலையான் என்றே பெயர். ஆங்கிலேயர் காலத்தில் வாட்டர்ஃபால் ரோடாக இருந்த சாலை இன்று ஜாலான் கெபுன் பூங்கா. ஊரில் யாரைக் கேட்டாலும் தண்ணீர்மலை என்றால் போதும், கை காட்டிவிடுவார்கள்.

பிப்ரவரி எங்கள் பக்கத்தில் மழை குறைந்த மாதம். காலை 10 மணிக்கே தார் கொதிக்கும். அந்த நேரத்தில் ஒரு டம்ளர் மோருக்கு என்ன மதிப்பு என்பது வெறுங்காலில் நடந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சிறிய பந்தலை முதலில் கண்டுபிடித்தது காதால்தான். பூசத்துக்கு முதல் நாள், இன்னும் வெளிச்சம் வராத நேரம். தூங்குமூஞ்சி மரத்தடியில் யாரோ கல்லில் எதையோ இடிக்கும் சத்தம் கேட்டது. மிக்ஸி வந்த பிறகு அந்தச் சத்தத்தை வீட்டில்கூடக் கேட்பதில்லை. போய்ப் பார்த்தால், ஓர் அம்மா தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து சின்னக் கல்லுரலில் இஞ்சி இடித்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். பக்கத்தில் தோல் சீவிய இஞ்சி ஒரு தட்டு நிறைய இருந்தது. "அக்கா, அரைத்துக்கொண்டு வந்திருக்கலாமே" என்றேன். "அரைத்தால் கசக்கும் தங்கச்சி. இடித்தால் சாறு மட்டும் இறங்கும், நார் தனியாக நின்றுவிடும்" என்றார். சரியான பதில். மிக்ஸியில் நார் பொடிப்பொடியாகி மோரோடு கலந்துவிடும். வடிகட்டினாலும் போகாது, தொண்டையில் அரிக்கும். நானே பள்ளியில் இதைக் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது.

அங்கேயே நின்றுவிட்டேன். மோர் போடுவதை முழுவதும் பார்த்தேன். பால் தீவுக்கு எதிரே இருக்கும் பெருநிலத்தில் மாடு வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து வருகிறது. முந்தின நாள் உறை ஊற்றிய தயிர், அசைத்தால் கட்டியாகப் பிரிந்தது. ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் இரவே கொதிக்க வைத்து மூடி ஆறவிட்டது. மத்தால் கடைந்த பிறகு இடித்த இஞ்சியை மெல்லிய துணியில் கட்டி மோருக்குள் முக்கி முக்கிப் பிழிந்தார்கள். பிறகு பெருங்காயம், கறிவேப்பிலை. அதோடு கையால் கசக்கிய லீமாவ் பூருட் எலுமிச்சை இலை நாலைந்து. தமிழ்நாட்டில் நாரத்தை இலை போடுவதற்கு இங்கே இதுதான் ஈடு. பச்சை மிளகாயைக் கீறி முழுதாகப் போட்டு, கொஞ்ச நேரத்தில் கரண்டியால் எடுத்து எறிந்துவிட்டார்கள். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு மிளகாயின் வாசம் போதும், காரம் வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. உப்பு மட்டும் ஒரு கை கூடுதல். வியர்த்துக் கொட்டுகிற உடம்புக்கு அது வேண்டும்.

நான் குறிப்பாகக் கவனித்தது ஐஸ். அண்டாவுக்குள் ஒரு கட்டிகூடப் போடவில்லை. அண்டாவைப் பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் ஐஸைக் கொட்டி, மேலே ஈரச் சாக்கு போட்டிருந்தார்கள். விழாக் காலத்தில் ஐஸ் எந்த வண்டியில், எந்தச் சாக்கில், எதன் மேல் கிடந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? பள்ளிப் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கெடுப்பதில் ஐஸுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் அனுபவம். அதோடு, ஐஸ் உருக உருக மோர் நீர்த்துப்போகும். முதல் ஆளுக்குக் கிடைக்கும் ருசி நூறாவது ஆளுக்குக் கிடைக்காது. இவர்களிடம் காலை 7 மணிக்கும் குடித்தேன், பகல் 2 மணிக்கும் குடித்தேன். ஒரே ருசி.

அந்தப் பித்தளை அண்டாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. புளிப்புள்ள எதையும் பித்தளையில் வைத்தால் களிம்பு ஏறும், ஈயம் பூசியிருந்தால்தான் ஆகும். மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர், கால் கழுவ. மோர் எவர்சில்வரில், பானகம் எவர்சில்வரில். நெஞ்சு ஆறியது. அண்டாவின் விளிம்பில் உளியால் வெட்டிய எழுத்துகள் இருந்தன. தேய்ந்துபோய் "உபயம்" என்ற சொல்லும் ஒரு தோட்டத்தின் பெயரில் பாதியும் மட்டும் தெரிந்தன. அது பெருநிலத்தில் இருந்த ரப்பர்த் தோட்டமாம். தோட்டத்தை விற்றபோது தொழிலாளர் குடியிருந்த லயங்கள் போயின, கோவிலும் இடம் மாறியது, அண்டாவை மட்டும் யாரோ ஒருவர் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள்தான் பந்தலை நடத்துகிறார்கள். ஒருவர் லாரி ஓட்டுகிறார், இரண்டு பேர் தாதியர், மற்றவர்களில் பாதிப்பேர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை. வேறு வேறு தாமானில், அதாவது குடியிருப்புகளில், இருக்கிறார்கள். வருடத்தில் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவது இந்த மூன்று நாள் மட்டும்தான்.

பானகத்தையும் விட்டுவிடக்கூடாது. வெல்லத்துக்குப் பதிலாக கூலா மலாக்கா. தென்னம்பாளையிலிருந்து காய்ச்சும் இந்தச் சர்க்கரைக்கு லேசான புகை வாசம் உண்டு. சுக்கும் ஏலமும் எலுமிச்சையும் சேர்ந்தபோது அந்தப் புகை வாசம் பின்னால் வந்து நின்றது. தமிழ்நாட்டுப் பானகத்தைக் குடித்துப் பழகியவர்கள் முதல் மிடறில் திகைப்பார்கள். இரண்டாம் டம்ளர் கேட்பார்கள். எனக்குச் சுக்கு இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

இனி அவர்கள் காலுக்குச் செய்தது. அலகு குத்தியவர்கள் மலையேறி இறக்கி வைக்கும்வரை எதையும் குடிப்பதில்லை. அவர்களுக்குப் பந்தல் என்ன கொடுக்க முடியும்? பல பந்தல்களில் காவடி வந்ததும் கைப்பேசியை உயர்த்துவதோடு சரி. இங்கே இரண்டு பையன்கள் ஈர்க்குத் துடைப்பத்தோடு சாலையில் முன்னால் ஓடிச் சிரட்டைத் துண்டுகளைத் தள்ளினார்கள். ரதத்துக்காக உடைத்த தேங்காய்களை மாநகர் மன்றத் தொழிலாளர்கள் வாரிக்கொண்டே போனாலும், விரல் நகம் அளவுத் துண்டுகள் தார் இடுக்கில் தங்கிவிடும். அவை கண்ணாடி மாதிரி கிழிக்கும். பையன்களுக்குப் பின்னால் ஒருவர் ரப்பர்க் குழாயால் தாரை நனைத்துக்கொண்டு போனார். அதற்கும் பின்னால் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பிள்ளை. பித்தளைச் செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்து, குனிந்து, ஒவ்வொரு காலாக ஊற்றினாள். அவசரப்படவில்லை. ஊற்றும்போது மறுகையால் பாதத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒருவர் குதிகாலில் ஒட்டியிருந்த சிரட்டைச் சில்லை நகத்தால் நெம்பி எடுத்துத் தன் பாவாடை மடிப்பில் போட்டுக்கொண்டாள். கீழே போட்டால் இன்னொருவர் காலில் ஏறும் அல்லவா. யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று அவளிடம் கேட்டேன். "பாட்டி அப்படித்தான் செய்வார்கள்" என்றாள். இஞ்சி இடித்துக்கொண்டிருந்த அக்காதான் அந்தப் பாட்டி.

மற்றப் பந்தல்களில் சாப்பிட்டதையும் சொல்ல வேண்டும். பினாங்கில் பந்தல் சாப்பாடு என்றாலே சைவ மீஹூன் என்னும் அரிசிச் சேமியாதான். முட்டைக்கோசு, தவுகே என்னும் முளைப்பயறு, பொரித்த தௌஃபூ என்னும் சோயாக் கட்டி போட்டுப் பிரட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். ஒரு பந்தலில் காலை 8 மணிக்கு வாங்கியது நன்றாக இருந்தது. அதே பந்தலில் பகல் ஒன்றரைக்கு வாங்கிப் பிரித்தபோது காகிதம் வியர்த்து நூலெல்லாம் ஒட்டிக்கொண்டு, தவுகேயில் புளித்த வாடை அடித்தது. காரணம் தெரிந்ததுதான். விடியற்காலையில் மொத்தத்தையும் வறுத்து, ஆவி அடங்குவதற்கு முன்பே மடித்து, பெட்டியில் அடுக்கிவிட்டார்கள். சூட்டோடு மூடினால் மீஹூன் தன் ஆவியிலேயே வெந்து கெடும். தேங்காய்ப்பால் சோறு இன்னும் சீக்கிரம் கெடும். நாசி லெமாக் என்னும் அந்தச் சோற்றைக் கொடுத்த இரண்டு பந்தல்களில் ஒன்று இதை உணர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புதிதாக வடித்தது. மற்றொன்று உணரவில்லை. பத்துப் பேர் சாப்பிடும் பொட்டலத்தை ஒரே நேரத்தில் செய்யாமல் மூன்று தடவையாகச் செய்வதற்குப் பணம் ஒன்றும் கூடாது, ஆள்தான் விழித்திருக்க வேண்டும்.

தோசைப் பந்தல் ஒன்றில் வரிசை அரை மணி நேரம். கல்லில் நேராகச் சுட்டுக் கொடுத்தார்கள், முறுகலாக இருந்தது, சட்னி காலியாகிவிட்டது. அவ்வளவுதான் சொல்வதற்கு.

மிக விரும்பிக் குடித்த வேறொன்று சீனக் குடும்பம் ஒன்று நடத்திய பந்தலில் கிடைத்தது. பினாங்குத் தைப்பூசத்தைச் சீனர்களை விட்டுவிட்டு எழுத முடியாது. ரத வழியில் அவர்கள் கடை வாசலில் தேங்காயைக் குவித்து, ஊதுவத்தி ஏற்றி, ரதம் வரும்போது உடைப்பார்கள். பால்குடமும் எடுப்பார்கள், காவடியும் எடுப்பார்கள். அந்தக் குடும்பம் கொடுத்தது சாதிக்காய்த் தண்ணீர். சாதிக்காய் என்றால் நாம் கொட்டையை நினைப்போம். பினாங்கில் அதன் சதைப் பற்றைத்தான் பெரிதாகக் கொண்டாடுவார்கள். பாலிக் பூலாவ் பக்கத்துத் தோப்புகளில் விளையும் பழத்தைச் சீவி, சர்க்கரையோடு கொதிக்க வைத்து, ஓர் ஊறிய ஆசாம் பழத்தை மிதக்கவிட்டுக் கொடுத்தார்கள். இளம் பழுப்பு நிறம், வாயில் வைத்ததும் புளிப்பு, விழுங்கிய பிறகு மூக்கில் சாதிக்காய் வாசம். ஊற்றிக் கொடுத்த மூதாட்டி என்னைப் பார்த்து "சூடா மாக்கான்?" என்று கேட்டார். நாங்கள் "பசியாறியாயிற்றா?" என்று கேட்பதும் அதுவும் ஒன்றுதான். ஆகிவிட்டது என்று மலாயில் சொன்னேன். நம்பவில்லை. ஒரு வாழைப்பழத்தையும் கையில் திணித்தார்.

இனி வருத்தமான பகுதி. சாலையின் அகலமான இடத்தில் மேடை போட்டு, ஆளுயரத்தைவிடப் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, விளம்பரத் துணிகளைச் சுற்றிக் கட்டி ஒரு பெரிய பந்தல் இருந்தது. நடத்தியவர்கள் யார் என்று எழுதப்போவதில்லை. கொடுத்தது டப்பாவில் அடைத்த இனிப்புத் தண்ணீர். வெயிலில் கிடந்து வெதுவெதுப்பாக இருந்தது. பரவாயில்லை, இருப்பதைக் கொடுத்தார்கள். பாட்டுச் சத்தத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் அண்ணன் மகன் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறான். எட்டுப் பேர். எல்லோரும் இருபதைச் சுற்றிய வயது. பகலில் வேலை, மாலையில் தாமான் திடலில் ஒத்திகை. உறுமியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதன் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும், மறு பக்கத்தை அடிக்க வேண்டும். அடி தாளத்தைத் தரும். தேய்ப்பதில்தான் அந்த உறுமல் வரும், மாடு அடிவயிற்றிலிருந்து கத்துகிற மாதிரி. காவடி எடுத்தவரின் கால் அந்த உறுமலைப் பிடித்துக்கொண்டுதான் நகரும். மேளக்காரனும் அவர் காலைப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுவான், குறைப்பான். இந்த ஒட்டுறவு ஒரு நிமிடம் அறுந்தாலும் தோளில் இருக்கும் எடை முழுவதும் அவருக்குத் தெரியத் தொடங்கிவிடும்.

அந்தப் பெரிய பந்தலுக்கு முன்னால் அது அறுந்தது. மயில்பீலிக் காவடி. எடுத்தவர் என் அண்ணன் மகனின் நண்பர். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டின் மெட்டில் ஏதோ அதிர்ந்துகொண்டிருந்தது. என் நெஞ்செலும்பு அதிர்வதை உணர்ந்தேன். பையன்கள் முழு வேகத்தில் அடிப்பது கையில் தெரிந்தது, காதில் ஒன்றும் விழவில்லை. காவடி நின்றுவிட்டது. அவர் தலையைத் திருப்பித் திருப்பி மேளத்தைத் தேடினார். கண் திறந்திருந்தது. தோளில் பட்டை அழுத்திய இடம் வெளுத்துப்போயிருந்தது. நான்கு நிமிடம் இருக்கும். யாரோ போய்க் கும்பிட்டுக் கேட்ட பிறகு சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். பிறகுதான் கால் எழுந்தது. அப்புறம் அவன் சொன்னான், "அத்தை, என் கையில் இருக்கும் உறுமியின் சத்தம் எனக்கே கேட்கவில்லை."

எனக்கு அன்று மாலை வரை ஆறவில்லை. தோட்டத்துக் கோவில்களில் வாசிக்கப்பட்ட மேளம் அது. தோட்டங்கள் போன பிறகும் இந்தப் பையன்கள் விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். குச்சியைத் தேய்த்துத் தேய்த்து என் அண்ணன் மகனுக்கு ஆள்காட்டி விரலின் பக்கத்தில் காய்ப்பு விழுந்திருக்கிறது. அவர்கள் வாசிக்க வருடத்தில் கிடைக்கும் பெரிய நாள் இதுதான். அந்த நாளிலும் அவர்களை ஒரு மின்சாரப் பெட்டி விழுங்குவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. பந்தல்காரர்கள் காவடி நெருங்கும்போதாவது பாட்டை நிறுத்த வேண்டும். கேட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்றில்லை.

மரத்தடிப் பந்தலிலும் ஒரு சின்ன வானொலிப் பெட்டி இருந்தது. பக்திப் பாடல் போட்டிருந்தார்கள். காவடி முக்கில் திரும்பியதும் லாரி ஓட்டும் தம்பி அதை அணைத்துவிடுவார். எல்லோரும் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிற்பார்கள். மேளம் மட்டும் கேட்கும். "அரோகரா" என்று ஒரு குரல் எழும், மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். காவடி கடந்த பிறகே வானொலி மறுபடி பேசும். பூசத்தன்று இது எத்தனை தடவை நடந்தது என்று நான் எண்ணவில்லை. ஒரு தடவையும் தவறவில்லை.

குப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளில் பிளாஸ்டிக் பையை இலவசமாகத் தருவதை 2011 இலேயே நிறுத்திய மாநிலம் பினாங்கு. அப்படிப்பட்ட ஊரில் பூச நாள் பிற்பகலில் வடிகால் ஓரம் பிளாஸ்டிக் குவளைகள் கணுக்கால் அளவுக்குக் கிடந்தன. தாவரவியல் பூங்காப் பக்கத்திலிருந்து இறங்கி வந்த குரங்குகள் அவற்றை நக்கிக்கொண்டிருந்தன. மரத்தடிப் பந்தலில் எவர்சில்வர் டம்ளர்தான். நூற்றிருபது டம்ளர் வைத்திருந்தார்கள். மூன்று தொட்டி: முதலில் சோப்பு, இரண்டாவதில் நல்ல தண்ணீர், மூன்றாவதில் கை வைக்க முடியாத வெந்நீர். அதிலிருந்து இடுக்கியால் எடுத்துக் கவிழ்த்து வைத்தார்கள். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் நான் கடைப்பிடித்த முறையும் இதுதான். அதைத் தெருவோரத்தில், விறகடுப்பில் வெந்நீர் போட்டுச் செய்வது லேசான காரியமில்லை.

இதனால் ஒரு குறையும் வந்தது. உச்சிவேளையில் டம்ளர் கழுவி முடிவதற்குள் வரிசை நீண்டுவிட்டது. பத்து நிமிடம் வரை நின்றேன். எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண் காத்திருக்க முடியாமல் அடுத்த பந்தலுக்குப் போய்விட்டாள். இன்னும் ஐம்பது டம்ளர் இருந்தால் சமாளித்திருப்பார்கள். வயதானவர்கள் உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லை என்பதும் குறைதான். முதல் நாள் கொண்டைக்கடலைச் சுண்டல் வேகவில்லை. ஊற வைத்த நேரம் போதவில்லை என்று நினைக்கிறேன். அந்த அக்காவிடம் சொன்னேன். முகம் சுளிக்கவில்லை. "இன்றைக்கு யார் ஊற வைத்தது?" என்று பின்னால் திரும்பிக் கேட்டார், யாரோ தலையைக் குனிந்துகொண்டார்கள். மறுநாள் சுண்டல் பஞ்சாக இருந்தது.

கணக்கை ஓர் அட்டையில் எழுதி மூங்கிலில் தொங்கவிட்டிருந்தார்கள். பால், இஞ்சி, ஐஸ், கூலா மலாக்கா, விறகு, தார்ப்பாய் வாடகை, எல்லாம் தனித்தனியாக. நான் 50 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். பள்ளி நோட்டுப் புத்தகத்தில் பெயரை எழுதிக்கொண்டு, அட்டையின் கீழ்வரியை என் கண்முன்னே திருத்தினார்கள். விளம்பரத் துணிகள் கட்டிய எந்தப் பந்தலிலும் இப்படி ஓர் அட்டையை நான் பார்க்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மற்ற நாட்களில் ரேப்பிட் பினாங்கின் 10 ஆம் எண் பஸ் பூங்கா வரை போகும். பூசத்தின்போது சாலையை அடைத்துவிடுவார்கள், கடைசிப் பகுதி நடைதான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் தடித்த அடிப்பாகம் உள்ளதாகப் போட்டுக்கொள்ளுங்கள், சிரட்டை குத்தும். வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு டம்ளர் கொண்டுபோங்கள். காவடிகளை நெருக்கத்தில் பார்க்க விடியற்காலைதான் நல்ல நேரம். பகலில் கூட்டத்தின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். சாப்பாட்டைக் காலை 9 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு மோரும் பழமும் போதும்.

மூன்றாம் நாள், வெள்ளி ரதம் திரும்பும் நேரத்துக்கு மறுபடி அங்கே போனேன். கூட்டம் குறைந்திருந்தது. பல பந்தல்களைப் பிரித்துவிட்டார்கள், கம்பிகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. மரத்தடியில் தார்ப்பாய் இன்னும் நின்றது. ஓர் அண்டா மோர் மட்டும் வைத்திருந்தார்கள். ரதத்தோடு நடந்து வருகிறவர்களுக்கு என்றார்கள். காளைகளுக்கும் ஒரு வாளித் தண்ணீர் தனியாக மூடி வைத்திருந்தது. அந்தப் பெண் பிள்ளை பித்தளை அண்டாவைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பில் எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் சாம்பலைத் தொடவில்லை. புளியை விரல் நுனியால் மெதுவாகத் தடவிக் கழுவினாள், இருக்கும் எழுத்தும் தேய்ந்துவிடக்கூடாதே என்று.

பெயர்ப் பலகை இல்லாததால் அடையாளம் சொல்வது கடினம். ஜாலான் உத்தாமாவில், மலைக்குப் போகிறவர்களின் இடக்கைப் பக்கம், பெரிய தூங்குமூஞ்சி மரம், நீலத் தார்ப்பாய். அடுத்த பூசத்துக்குத் தார்ப்பாயின் நிறம் மாறினாலும் மாறலாம். பொழுது விடியும் முன்னே போங்கள். ஒலிபெருக்கிகள் கிளம்பாத அந்த நேரத்தில் இஞ்சி இடிக்கும் சத்தம் சாலையில் நன்றாகக் கேட்கும்.